தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு எலுமிச்சம்பழங்கள்

எங்கள் மின் நிலையத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. தொண்ணூறு லட்சம். முகத்துக்கு நேரே சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது. நான் கேன்டீனுக்குள் காலை வைக்கும்போது மட்டும், "ஏலே, தொண்ணூறு லட்சம் வருதுலே" என்று ஒரு கிசுகிசுப்பு கேட்கும். எனக்குக் காது கூர்மை. கோபமும் கூர்மைதான். சாயர்புரத்தில் எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, அத்தை மூன்று பேரும் டீச்சர்கள். தப்பைக் கண்டால் சிவப்பு மையில் வட்டம் போடாமல் எங்களால் இருக்க முடியாது.

பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். போன மார்ச்சில், மெஷினில் அதிர்வு கூடியிருக்கிறது, உடனே நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். மூன்று நாள் நிறுத்தினார்கள். திறந்து பார்த்தால் உள்ளே ஒரு குறையும் இல்லை. அதிர்வை அளக்கிற கருவியின் வயர்தான் லூசாக இருந்தது. மெஷின் முன்னறிவிப்பில்லாமல் ஒரு நாள் நின்றால் முப்பது லட்சம் நஷ்டம். மூன்று நாளுக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். நிலையத் தலைவர் தாணுலிங்கம் சார் என்னைக் கூப்பிட்டு, உட்காரக்கூடச் சொல்லாமல், "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என்னால உங்களைக் காப்பாத்த முடியாது ஜெப்ஸி" என்றார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. என் வேலையே அந்தக் கணக்குதான். துறைமுகத்துக்குத் தெற்கே, உப்பளங்களுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் நூறு மெகாவாட் கேஸ் டர்பைன். அதை எந்தத் தேதியில் நிறுத்திப் பழுது பார்த்தால் எவ்வளவு செலவு, நிறுத்தாமல் ஓட்டி அதுவாக உடைந்து நின்றால் எவ்வளவு நஷ்டம் என்று இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்து, இன்ன தேதி என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். இந்த ஊரில் என் படிப்புக்கு இன்னொரு மெஷின் கிடையாது. வேலை போனால் குஜராத்துக்குத்தான் மூட்டை கட்ட வேண்டும். 

பகலெல்லாம் சோலார் கரண்டு தாராளமாகக் கிடைப்பதால் எங்களை யாரும் சீந்த மாட்டார்கள். வெயில் சாய்ந்ததும் போன் வரும். ஐந்து மணிக்கு மெஷினைப் பற்றவைத்தால் பத்து மணிக்கு அணைப்போம். ஒவ்வொரு தடவை பற்றவைக்கும்போதும் உள்ளே இருக்கிற பிளேடுகள் சில நிமிடத்தில் ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும், அணைத்ததும் ஆறும். சூடு ஏறி இறங்க இறங்க உலோகம் களைத்துப்போகும். தொள்ளாயிரம் ஸ்டார்ட்டுக்குள் பிளேடுகளை மாற்றிவிட வேண்டும் என்பது மெஷினைச் செய்த கம்பெனியின் விதி. எங்கள் லாக் புத்தகத்தில் எழுநூற்றுச் சொச்சம்தான் இருந்தது. புதுப் பிளேடுகளும் ஸ்டோரில் பெட்டியோடு வந்து இறங்கியாயிற்று. பிப்ரவரியில் நிறுத்தி மாற்றிக்கொள்ளலாம் என்று பத்து நாளைக்கு முன்னால்தான் தெம்பாகக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

ஐப்பசி மாதம். காற்று சீசன் முடிந்து, கயத்தாறு பக்கம் காற்றாலைகள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற நேரம். அதனால் சாயங்காலக் கரண்டுக்கு நல்ல கிராக்கி. ஓர் எண்ணெய்க் கசிவைப் பார்க்க ஐந்து மணி வாக்கில் டர்பைன் கூடத்துக்குப் போனேன். ஷிஃப்ட் இன்சார்ஜ் பாண்டியராஜன் ஸ்டார்ட் கொடுக்கத் தயாராக இருந்தார். என் வயதுதான், வாய் மட்டும் என்னைவிட நீளம். டெக்னீஷியன் ஜாய்சன் ஓர் எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைத்தார். நாற்பது வயது, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், அவ்வளவு பக்தியாக வைத்தார். டர்பைனுக்குச் சக்கரம் கிடையாதல்லவா? அதற்காக, பக்கத்தில் நிற்கிற பெரிய தீயணைப்பு சிலிண்டரின் தள்ளுவண்டியை அந்தப் பழத்தின் மேல் ஏற்றினார். பழம் நசுங்கியது. "ஏத்துங்க அண்ணாச்சி!" என்று கையைத் தூக்கினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மெஷின் ஊதத் தொடங்கி, சத்தம் ஏறி, நெருப்புப் பிடித்து, கொஞ்ச நேரத்தில் பொசுக்கென்று அடங்கியது. "ஏலே ஜாய்சா, இன்னொரு பழம்!" என்றார் பாண்டியராஜன், பழகிய குரலில். ஜாய்சன் கேட்டைத் தாண்டி வெளியே இருக்கிற பெட்டிக்கடைக்கு ஓட்டமாய் ஓடி, ஒற்றைப் பழத்தோடு திரும்பி வந்தார். இரண்டாவது தடவை மெஷின் பிடித்துக்கொண்டது.

"மொதல்ல என்ன ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல மேடம். நெருப்பைப் பாக்குத சென்சார் ஈரக்காத்துல மங்கிப்போகும். நல்லா எரிஞ்சிக்கிட்டு இருக்கும்போதே, அணைஞ்சு போச்சுன்னு நெனச்சு கேஸை அடைச்சிரும். அடுத்த தடவ சரியாயிரும்."

லாக் புத்தகத்தை எட்டிப் பார்த்தேன். 17.21, ஸ்டார்ட், எழுநூற்று நாற்பத்திரண்டு. ஒரே ஒரு வரி.

"ரெண்டு தடவ பத்தவச்சீங்க. ஒண்ணுதான எழுதியிருக்கு?"

"மொதல்ல பத்துனது ஓடலல்லா?"

"ஓடலன்னா எழுத மாட்டீங்களா?"

பாண்டியராஜன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மேடம், எங்க அப்பாவுக்கு மூணு லாரி. இங்கன உப்பு ஏத்துன வண்டி மதுரை போய்ச் சேந்தாத்தான் அது ட்ரிப்பு. எட்டயபுரம் தாண்டுததுக்குள்ள ஆக்ஸில் போயி திரும்பி வந்தா அதை எவனாவது ட்ரிப் ஷீட்ல எழுதுவானா? ஓடுனாத்தான் ஸ்டார்ட்டு. நாலு ஷிஃப்டும் அப்படித்தான் எழுதுதோம்."

 இதில் களவு இல்லை, பொய் இல்லை. மூன்று லாரி வைத்திருக்கிற வீட்டின் நியாயம் அப்படியே மெஷின் புத்தகத்துக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஆனால் பிளேடுக்கு மதுரையும் தெரியாது, எட்டயபுரமும் தெரியாது. நெருப்புப் பட்டால் அதற்கு அது ஒரு தடவை. அதுவும் பாதியில் கேஸ் நின்று, குளிர்ந்த காற்று வேகமாக உள்ளே அடிப்பது காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீரை விசிறுவது மாதிரி. முழுதாக ஓடி நிற்பதைவிட அதுதான் கெடுதல்.

"எத்தன தடவ இப்படி ஆயிருக்கு?" என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"அதை யாரு எண்ணிக்கிட்டு இருக்கா?"

கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று இப்போது நினைவில்லை, நல்லவேளை. கத்தி முடித்துக் கம்ப்யூட்டரில் தேடினால், அது தொண்ணூறு நாள் விவரத்தைத்தான் வைத்திருக்கும். அதற்கு முந்தியதை அதுவே அழித்துவிடும். பிளேடு மாட்டி இரண்டரை வருஷம் ஆகிறது. தலையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தீயணைப்பு வண்டி மேல் சாய்ந்தேன். எலுமிச்சை வாசனை மூக்கில் ஏறியது.

நிமிர்ந்தேன். "ஜாய்சன், ரெண்டாவது பழத்துக்கு ஏன் வெளிய ஓடுனீங்க? ஒரு டஜன் வாங்கி ஃப்ரிட்ஜ்ல போட்டு வைக்கலாம்லா?"

ஜாய்சன் பதறிப்போனார். "ஐயோ மேடம், உள்ள பழம் படுத்துக் கெடந்தா மெஷினும் படுத்துக்கிடும்! மெஷின் வந்த மொதல் வருசம், இந்தப் பிளேடுக்கெல்லாம் முந்தி, அப்படி வச்சுத்தான் ஒரு வாரம் ஏறவே இல்ல. அதுலருந்து ஒரு ஸ்டார்ட்டுக்கு ஒரு பழம், அப்பப்ப வாங்கணும். நசுக்குன பழத்தை மறுபடி வைக்கவும் கூடாது."

"எல்லா ஷிஃப்டுமா?"

"எல்லா ஷிஃப்டும்."

"எல்லாப் பழமும் கேட் வழியாத்தான உள்ள வரும்?"

பாண்டியராஜனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வாயைத் திறந்தபடி நின்றார். நான் அதற்குள் கேட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தேன். முப்பத்துநாலு வயதில், ஹெல்மெட்டோடு, அத்தனை பேர் பார்க்க ஓடினேன்.

கேட்டில் இருப்பது தலைமைக் காவலாளி முத்துமணி அக்கா. குண்டூசி உள்ளே போனாலும் நேரம் போட்டு எழுதுகிற ஆள். ஒற்றை எலுமிச்சம்பழத்துக்கு ஜாய்சனை நிறுத்திக் கையெழுத்து வாங்கியதற்காக, போன வருஷம் பாண்டியராஜன் அவரிடம் சண்டை போட்டு, ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தவள்தான்.

"அக்கா, ரெண்டரை வருசமா எலுமிச்சம்பழம் எழுதுன நோட்டெல்லாம் இருக்கா?"

அவர் முகம் சுருங்கியது. "கேலி பண்ண வந்தியளா?"

"சத்தியமா இல்ல. என் பொழப்பே அதுலதான் இருக்கு."

முத்துமணி அக்கா என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு இரும்பு பீரோவைத் திறந்தார். பதினொரு நீள நோட்டுகள், பழுப்பு அட்டை போட்டு, முதுகில் தேதி ஒட்டி, வரிசையாக இருந்தன. அவற்றை அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு கேட் அறையில் உட்கார்ந்து, பிளேடு மாட்டிய நாளிலிருந்து எண்ணத் தொடங்கினோம். அக்கா விரலை ஓட்டி வாசிக்க, நான் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். எட்டு மணிக்கு பாண்டியராஜன் வந்து நின்றார். அவருக்கு அன்றைக்கு டியூட்டி சாயங்காலம்தான்.

"மேடம், இது வெளிய வந்தா நாலு ஷிஃப்டுக்கும் மெமோ. மொத மெமோ எனக்குத்தான்."

"தெரியும்."

"தெரிஞ்சும் எண்ணுதிய?"

"அந்தப் பிளேடு பிய்ச்சுக்கிட்டு வந்தா உள்ள எல்லாத்தையும் அரைச்சிரும் பாண்டியராஜன். வண்டி தள்ளுதாரே ஜாய்சன், அவர் நிக்கது எத்தன அடி தூரத்துல?"

பாண்டியராஜன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏழாவது நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதன்பிறகு அந்த அறையில் ஒரே ஏலக்கடைச் சத்தம். "பதினேழு பூஜ்யம் நாலு, பழம் ஒண்ணு!" "பதினேழு பதினெட்டு, பழம் ஒண்ணு!" "இங்க பாருங்க, ரெண்டு கிலோ!" "அது கேன்டீன், விடுங்க." "மூணு டஜன்!" "ஆயுத பூஜை, விடுங்க விடுங்க." ஒற்றைப் பழம் மட்டும்தான் எங்களுக்கு. ஒரு மழைக்கால வாரத்தில், ஒரே சாயங்காலம் ஐந்து பழம் வந்திருந்தது. அதை வாசித்தபோது பாண்டியராஜன் தலையில் அடித்துக்கொண்டார். "அது நான்தான். அன்னைக்கு லாக்ல ஒண்ணுன்னு எழுதுனேன்."

ஒன்றரை மணிக்கு முடிந்தது. கூட்டிப் பார்த்தேன். நம்பாமல் மறுபடி கூட்டினேன். தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு.

 ஆனால் பழத்தைக் காட்டி ஒரு மெஷினை நிறுத்த முடியுமா? பழம் வந்து, நெருப்புப் பிடிக்காமலே போன நாளும் இருக்குமே. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கம்ப்யூட்டர் கடைசித் தொண்ணூறு நாளை மறக்கவில்லை. அதே தொண்ணூறு நாளுக்கு நோட்டில் எத்தனை பழம்? தொண்ணூற்றேழு. கம்ப்யூட்டரில் நெருப்புப் பிடித்தது எத்தனை தடவை? தொண்ணூற்றைந்து! பழம் கேட்டைக் கடந்து எட்டு, ஒன்பது நிமிடத்தில் நெருப்பு. ஒவ்வொன்றும் பொருந்தியது, இரண்டே இரண்டு தவிர. லாக் புத்தகத்திலோ அதே நாட்களுக்கு எழுபத்தாறு. முத்துமணி அக்காவின் நோட்டு, கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய கம்ப்யூட்டரோடு நூற்றுக்கு இரண்டு பிசகில் ஒத்துப்போகிறது. நான் துள்ளிக் குதித்ததில் டீ கிளாஸ் உருண்டு, அக்கா நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னைத் திட்டினார்.

அதே மாதிரி மொத்தப் பழத்திலும் நூற்றுக்கு இரண்டைக் கழித்தால் உண்மையான எண்ணிக்கை தொள்ளாயிரத்துப் பத்தொன்பது. எல்லையைத் தாண்டியாயிற்று. பிப்ரவரி வரும்போது ஆயிரத்து முப்பது ஆகியிருக்கும்.

மூன்று மணிக்கு தாணுலிங்கம் சார் அறையில் நின்றேன். சென்னைத் தலைமை அலுவலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். இரண்டு மணி நேரத்தில் அடுத்த ஸ்டார்ட்.

"எலுமிச்சம்பழம்" என்றார் அவர், நான் சொல்லி முடித்ததும். "சென்னைக்கு போன் பண்ணி, எலுமிச்சம்பழத்தை எண்ணிப் பார்த்து மெஷினை நிறுத்திட்டேன்னு சொல்லவா?"

"தொண்ணூறு நாள் கம்ப்யூட்டர் கணக்கோட ஒத்துப் பார்த்திருக்கேன் சார்."

"எல்லை தாண்டி பத்தொன்பதுதானே? பத்தொன்பதுல உடைஞ்சிடுமா?"

"உடையும்னு நான் சொல்லல சார். இப்ப நிறுத்தி பிளேடு மாத்துனா பதினஞ்சு நாள், நாலரைக் கோடி நஷ்டம். ஓடும்போது உடைஞ்சா அஞ்சு மாசம் நிக்கும், அது நாப்பத்தஞ்சு கோடி. மெஷினைச் சரி பண்ண இன்னொரு நாப்பத்தஞ்சு. மொத்தம் தொண்ணூறு கோடி. நாலரைக்கும் தொண்ணூறுக்கும் இருபது மடங்கு. உடையதுக்கு இருபதுல ஒரு வாய்ப்பு இருந்தாலே இப்ப நிறுத்துறதுதான் லாபம். எல்லை தாண்டி, நூத்தி எழுபத்தேழு தடவை பாதியில அணைஞ்ச மெஷின் இது. இருபதுல ஒண்ணு இல்லன்னு உங்களால சொல்ல முடியுமா?"

"பாதியில அணைஞ்சதுன்னு உங்க நோட்டு சொல்லுது. லாக் புத்தகம் அப்படிச் சொல்லலையே."

அப்போது கதவு திறந்தது. பாண்டியராஜன் சட்டையை டக் இன் செய்து, தலையை வாரி, ஒரு தாளோடு வந்து நின்றார். "சார், பாதியில நின்ன ஸ்டார்ட்டை நாங்க எழுதல. தப்புன்னு தெரியாமத்தான் எழுதல. ஆனா எழுதல. நாலு ஷிஃப்டும் கையெழுத்துப் போட்டிருக்கோம்." தாளை மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றார்.  எத்தனை தடவை இந்த மனிதரோடு சண்டை போட்டிருக்கிறேன்.

தாணுலிங்கம் சார் தாளை இரண்டு தடவை வாசித்தார். "ரெண்டு நாள் தரேன். ஆற வச்சு, கேமராவை உள்ளே விட்டுப் பாருங்க. பிளேடுல கீறல் இருந்தா மாத்தலாம். ஒண்ணும் இல்லைன்னா..." கடிகாரத்தைப் பார்த்தார். "இந்த அறுபது லட்சத்துக்கு யார் பதில் சொல்றது?"

அவர் மேஜையிலிருந்தே ஒரு வெள்ளைத் தாளை உருவினேன். கேமராவில் ஒன்றும் தெரியாவிட்டால் இதையே என் ராஜினாமாவாக எடுத்துக்கொள்ளவும் என்று எழுதி அவர் முன்னால் தள்ளினேன். கோபத்தில் செய்கிற காரியம் எல்லாம் இப்படித்தான். விறுவிறுவென்று வெளியே வந்தேன்.

"தொண்ணூறும் அறுபதும் சேந்தா ஒன்றரைக் கோடி" என்றார் பாண்டியராஜன், கூடவே நடந்துகொண்டு. "ஒன்றரைக் கோடி மேடம்னு கூப்பிட நாக்கு சுளுக்கிக்கிடும்."

"வாயை மூடுங்க" என்றேன். சிரிப்பும் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை சென்னையிலிருந்து, கேமராவை விட்டுப் பார்க்கிற ஷாம் வந்தார். நீளமான குழாய் முனையில் மிளகு அளவு கேமரா. அதை மெஷினுக்குள் விட்டால் திரையில் பிளேடு தெரியும். முதல் வரிசையில் தொண்ணூற்றிரண்டு பிளேடுகள். பாண்டியராஜன், பிளேடுகளைத் தாங்குகிற ரோட்டரைக் கையால் திருப்ப, ஒவ்வொரு பிளேடாகத் திரையில் வந்து நின்றது.

"ஒண்ணு, நல்லாருக்கு" என்றார் ஷாம். "ரெண்டு, நல்லாருக்கு."

இருபதாவது நல்லாருந்தது. முப்பதாவது நல்லாருந்தது. நாற்பதில் தாணுலிங்கம் சார் வந்து பின்னால் நின்றார். ஐம்பதில் என் மனம் குஜராத்துக்கு ரயில் ஏறிவிட்டது. ஒரு பிளேடு நல்லாருக்கிறது என்று கேட்டு ஓர் இன்ஜினியர் வருத்தப்படலாமா? நான் வருத்தப்பட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஏதாவது உடைந்திருக்க வேண்டும் ஆண்டவரே என்று ஜெபம் செய்தேன். அறுபதும் நல்லாருந்தது. ரோட்டரைத் திருப்புகிற பாண்டியராஜனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவரும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"எழுபது, நல்லாருக்கு. எழுபத்தொண்ணு..." ஷாம் நிறுத்தினார். "நில்லுங்க."

பிளேடின் பின் விளிம்பில் தலைமுடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு.

"கரியா இருக்குமோ?" என்றார் தாணுலிங்கம் சார்.

ஷாம் கேமராவை நெருக்கி, வெளிச்சத்தைச் சாய்த்தார். கரியாக இருந்தால் நிழல் விழாது. இந்தக் கோட்டுக்குள் நிழல் விழுந்தது. அளந்தார். "பதினாலு மில்லிமீட்டர் கீறல் மேடம். வேர்ப் பக்கமா இறங்குது." பிறகு திரும்பி, எல்லோரையும் பார்த்துச் சொன்னார். "ஒரு ஸ்டார்ட் தாங்கியிருக்கலாம். பத்து தாங்கியிருக்கலாம். பிப்ரவரி வரைக்கும் வாய்ப்பே இல்லை."

"யேய்!" என்று ஒரு கூச்சல் கேட்டது. நான்தான். பாண்டியராஜன் ஸ்பேனரைத் தூக்கி ஆட்டினார். ஜாய்சன் தீயணைப்பு வண்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தாணுலிங்கம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, திரையைப் பார்த்தபடி நின்றார். மீதிப் பிளேடுகளில் இன்னும் இரண்டில் கீறல் இருந்தது.

பதினைந்தாவது நாள் சாயங்காலம், புதுப் பிளேடுகளோடு மெஷின் தயாராக இருந்தது. வெளியே பிசுபிசுவென்று மழை. தாணுலிங்கம் சார் என்னிடம் மடித்த தாள் ஒன்றை நீட்டினார். என் ராஜினாமா.

"இதை வச்சு என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. தேதி போடல, கையெழுத்தும் போடல. ஊருக்கெல்லாம் சிவப்பு வட்டம் போடறீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். என் முகம் சூடாகிவிட்டது.

ஜாய்சன் பழத்தை நசுக்கினார். பாண்டியராஜன் ஸ்டார்ட் கொடுத்தார். சத்தம் ஏறியது, நெருப்புப் பிடித்தது, பொசுக்கென்று அடங்கியது. பிளேடுகளோடு சேர்த்து மாட்டிய புது சென்சாருக்கும் மழை பிடிக்கவில்லை போலும். கூடத்தில் இருந்த அத்தனை பேர் கண்ணும் லாக் புத்தகத்தின் மேல். அதில் இப்போது இரண்டு கட்டம் உண்டு: பற்றவைத்தது, ஓடியது. நிலையத் தலைவர் பக்கத்தில் நிற்க, மெமோ வாங்கிய கையால் பாண்டியராஜன் பேனாவைத் திறந்து, முதல் கட்டத்தில் ஒன்று என்றும் இரண்டாவதில் பூஜ்யம் என்றும் எழுதினார். பூஜ்யத்தை நன்றாக வட்டமாகப் போட்டார்.

ஜாய்சன் வெளியே ஓடக் கிளம்பினார். "நில்லுங்க" என்றேன். "இந்தத் தடவ நான் போறேன்."

பெட்டிக்கடையில் பழத்தை வாங்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தால், முத்துமணி அக்கா குறுக்கே வந்து நின்றார். "என்ன சாமான்?"

"தெரியலையாக்கா?"

"தெரியும். எழுதணும்லா? சர்ச்சுக்குப் போற பிள்ளை, பழம் வாங்கிட்டு வாருதா? உங்க பாஸ்டர் கேட்டா என்ன சொல்லுவிய?"

"மெயின்டனன்ஸ் செலவுன்னு சொல்லுவேன்." நோட்டை இழுத்து, பழம் ஒன்று என்று எழுதி, தேதி போட்டு, நேரம் போட்டு, கையெழுத்தும் போட்டேன். அக்கா மூன்றையும் சரிபார்த்துவிட்டுத்தான் வழிவிட்டார்.

வண்டியை நானே தள்ளினேன். பழம் சக்கரத்துக்கு அடியில் பட்டென்று வெடித்தது. மெஷின் பிடித்தது, ஏறியது, ஏறிக்கொண்டே போனது, கூடத்துத் தகரமெல்லாம் அதிர்ந்தது. ஒரு பேய்ச் சத்தம், எனக்கு அது அத்தனை இனிமையாக இருந்தது. பாண்டியராஜன் இரண்டு கட்டத்திலும் எழுதிவிட்டு, புத்தகத்தை என் பக்கம் திருப்பினார்.

"சிவப்பு வட்டம் ஏதும் உண்டா மேடம்?"

கண்ணை இடுக்கிக்கொண்டு தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. உதட்டைப் பிதுக்கிவிட்டு, டீ குடிக்கக் கேன்டீனுக்கு நடந்தேன். எனக்கு முன்னால் ஓடிப்போய் உட்கார்ந்திருந்த ஜாய்சன், நான் வாசலில் காலை வைத்ததும் பக்கத்து ஆளை முழங்கையால் இடித்தார். என் காது கூர்மை என்று சொன்னேன் அல்லவா?

"ஏலே, எந்திலே. தொண்ணூறு கோடி வருதுலே."